ஆறு நிமிட மாதிரிக் காணொளிக்குப் பதில் வராதது குறித்து

காணொளியை இரண்டு நிமிடத்துக்குக் குறைத்து, நேரலையில் நீங்கள் பேசும் பகுதியைத் தொடக்கத்திலேயே வையுங்கள். எட்டுத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பியும் செய்தியாளர் பணிக்கு ஓர் அழைப்புகூட வராததற்கு நான் முதலில் சந்தேகிப்பது அதன் அமைப்பைத்தான், உங்கள் திறமையை அல்ல.

முதல் 40 விநாடிகள் இசையோடு காட்சித் தொகுப்பு ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆளைத் தேர்வு செய்யும் செய்தி ஆசிரியர் அறிய விரும்புவது, பின்னால் கூட்டம் இரைந்துகொண்டிருக்கும்போதும் குறிப்பைப் பார்த்துப் படிக்காமல், எது உறுதியானது, எது இன்னும் உறுதியாகவில்லை என்று பிரித்துச் சொல்ல உங்களால் முடிகிறதா என்பதை. அதற்கான விடை அந்த 40 விநாடிகளில் இல்லை. (அதில் வரும் ட்ரோன் காட்சிகள் அழகாகவே இருக்கலாம்; அவை ஒளிப்பதிவாளருக்கு வேலை வாங்கித் தரும்.)

அனுப்பும் முன் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் கேளுங்கள். முதலாவதில் கண்கள் கேமராவை விட்டு அலைவதும், இரண்டாவதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரே ராகத்தில் முடிவதும் பிடிபட்டுவிடும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை: இப்போதைய நிறுவனத்துக்காக எடுத்த காட்சிகளின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்துடையதாகவே இருக்கும் என்பதால், குறிப்பாக ஒளிபரப்பாகாதவற்றை, பணி ஒப்பந்தத்தைப் படிக்காமல் சேர்க்காதீர்கள்.