கோல்ஃப் கிரீனுக்குப் பசளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விடுதி வளவில் 2 பரப்பில் கோல்ஃப் கிரீன் (குழியைச் சுற்றிக் குட்டையாக வெட்டி வைக்கும் புல்தரை) அமைக்கிறோம். ஒரு அடி ஆழத்துக்கு மணல், அதில் பெர்மூடா புல்லின் தண்டுகள் நடுகிறோம். யூரியா எவ்வளவு போடலாம்? (கோப்பாய்)

மணலுக்குப் பசளையைப் பிடித்து வைக்கத் தெரியாது. மொத்தமாகக் கொட்டினால் பாதி புல்லுக்கு, மீதி கிணற்றுக்கு. அதனால் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். புல் பிடிக்கும் காலத்தில் வாரத்துக்குச் சதுர மீற்றருக்கு 2.5 முதல் 5 கிராம் நைதரசன் போதும். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். கணக்குப் பார்த்தால் வாரத்துக்குப் பரப்புக்கு 1.4 முதல் 2.75 கிலோ யூரியா.

வேர் விடும்வரை குறைந்த அளவே போடுங்கள். தண்டு கணுவுக்குக் கணு வேர் விட்டுப் படரத் தொடங்கியதும் கூட்டலாம். அந்த அளவையும் வாரத்தில் இரண்டாகப் பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. இலையில் ஈரம் இல்லாதபோது தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். சுண்ணாம்புத் தன்மையுள்ள மணலில் யூரியா மேலாகக் கிடந்தால் அமோனியாவாக ஆவியாகிப் போய்விடும்.

நடுவதற்கு முன்பே பரப்புக்கு 3 கிலோ ரி.எஸ்.பி.யை (பொசுபரசுப் பசளை) மேல்மணலில் கலந்துவிடுங்கள். பொட்டாசும் மணலில் நிற்காது, அதையும் சிறுகச் சிறுகவே போட வேண்டும்.

தரை முழுக்க மூடியதும் யூரியாவைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடுங்கள். இதில் நான் கறார். எங்கள் யாழ்ப்பாணத்து நிலத்தடி சுண்ணாம்புக்கல். மேலே போட்டது கீழே போகத் தடையில்லை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட பசளையாலேயே வலிகாமத்தில் பல கிணறுகளில் நைத்திரேற்று (பசளை நைதரசன் மண்ணில் மாறி வருவது) ஏறிக்கிடக்கிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. விருந்தினர் குடிப்பதும் அதே தண்ணீர்தானே.

மணலோடு மாட்டெரு கலக்கலாமா? (மானிப்பாய்)

வீட்டு முற்றத்துப் புல்லுக்குத் தாராளமாக. கிரீனுக்கு வேண்டாம். மணலின் இடைவெளி அடைபட்டுத் தண்ணீர் தேங்கும், கோரை விதையும் கூடவே வரும்.

வாராவாரம் யூரியா போட்டும் புல் மஞ்சளாகவே இருக்கிறது. (சுன்னாகம்)

ஓர் இலையைப் பிடுங்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறியும் கோடு கோடாகத் தெரிந்தால் அது இரும்புச் சத்துக் குறைவு. கிணற்றுத் தண்ணீரிலும் சிப்பித்தூள் கலந்த கடற்கரை மணலிலும் சுண்ணாம்பு அதிகம். இரும்பு இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. பெரஸ் சல்பேற்று (இரும்புச் சத்து உப்பு) லீற்றருக்கு 5 கிராம் கரைத்து, மாலையில் இலையில் தெளியுங்கள். சீமெந்துத் தரையில் படாமல் பாருங்கள், துருக்கறை லேசில் போகாது. அப்புறம், யூரியாவுக்குப் பதில் அமோனியம் சல்பேற்று போட்டுப் பாருங்கள். அதில் நைதரசன் 21 சதவீதம்தான், எனவே இரண்டு மடங்குக்குச் சற்று அதிகம் வேண்டும். மாறாக, பழைய இலைதான் முதலில் மஞ்சளானது என்றால் நைதரசன்தான் போதவில்லை.

எங்கள் கிணறு சவர் (உப்புத் தண்ணீர்). என்ன செய்யலாம்? (வேலணை)

சரி, அப்படியானால் பெர்மூடாவை விட்டுவிட்டு பாஸ்பாலம் புல்லை நடுங்கள். உப்பை அதுவே நன்றாகத் தாங்கும். சாதாரண பொட்டாசில் குளோரைட்டு உண்டு. பொட்டாசியம் சல்பேற்று கிடைத்தால் அதையே போடுங்கள்.

மாரி மழையோடு நட்டால் தண்ணீர்ச் செலவு மிச்சம்தானே? (கொடிகாமம்)

மிச்சம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்டும் பசளையும் சேர்ந்தே அடித்துக்கொண்டு போகும். பெர்மூடாவும் பாஸ்பாலமும் வெயில் குடித்து வளரும் புல். மாசியில் நடுங்கள்.