காய்ச்சலுக்கு மேல் காய்ச்சல்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

மூன்று நாளில் விட்ட ஃப்ளூ காய்ச்சல் ஆறாம் நாள் குளிருடன் திரும்பிவிட்டது. சளி பழுப்பாக வருகிறது. பழைய மாத்திரையையே தொடரலாமா? (மன்னார்குடி)

கூடாது. வைரஸ் அரித்துவைத்த மூச்சுக்குழாயில் நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் எளிதில் குடியேறும். 1918ஆம் ஆண்டு இன்ஃப்ளூயன்சாவில் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொண்டுபோனது இவ்வாறு பின்னால் வந்த நிமோனியாதான். இன்றே மருத்துவரிடம் நெஞ்சைக் காட்டுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைத் தொடாதீர்கள்.

காய்ச்சலுக்கு அந்த மஞ்சள் மாத்திரை போடலாமா? (திருவிடைமருதூர்)

யாருக்குக் காய்ச்சல், என்ன வயது, எத்தனை நாளாக என்ற எதுவும் கடிதத்தில் இல்லை. மஞ்சள் மாத்திரைகள் கடையில் நூறு இருக்கும். அட்டையின் பின்புறத்தைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

மகனுக்குச் சின்னம்மை, சில கொப்புளங்களில் சீழ் பிடித்திருக்கிறது. (மயிலாடுதுறை)

சொறிந்த நகத்தின் வேலை. நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தினமும் குளிப்பாட்டலாம், அம்மனுக்குக் கோபம் வராது. ஆஸ்பிரின் கூடவே கூடாது. சீழ் பிடித்த கொப்புளங்களை மருத்துவரிடம் காட்டுங்கள். சுற்றிலும் சிவந்து பரவினால் அன்றே கிளம்புங்கள்.

அப்பாவுக்கு 20 ஆண்டுகளாக யானைக்கால். சம்பா நடவு தொடங்கினால் நெறி கட்டி, கால் சிவந்து, நடுக்கத்துடன் காய்ச்சல் வருகிறது. புழு கிளம்பிவிட்டது என்று டி.இ.சி. என்ற யானைக்கால் புழு மாத்திரையை வாங்கிக் கொடுக்கிறோம். (கும்பகோணம் அருகில்)

இந்தப் "புழு கிளம்பிவிட்டது" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. நிணநீர் தேங்கிய காலில் வரும் இத்தகைய காய்ச்சலுக்குப் பெரும்பாலும் காரணம் புழு அன்று. தோல் வெடிப்பு வழியாக நுழையும் பாக்டீரியா. சென்ற வாரம் வந்த ஒரு நடவுக்காரப் பெண்மணியின் சுண்டுவிரலை விலக்கிப் பார்த்தேன். தோல் வெளுத்து ஊறி, நடுவே ஒரு நெல்மணி நீளத்துக்கு வெடித்து, அதற்குள் வயல் சேறு அப்படியே இருந்தது. உடன் வந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை அந்த இடத்தைப் பார்த்ததில்லை. சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. அது திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் அடுத்த கிருமி ஏறுகிறது. காய்ச்சல் அடிக்கும்போது டி.இ.சி. வேண்டாம், காலை உயர்த்தி வைத்து, ஈரத்துணியால் குளிர்வித்து, ஆன்டிபயாடிக்கை மருத்துவர் எழுதித் தந்த பின் முழு நாள் கணக்குக்கும் கொடுங்கள். மற்ற நாட்களில், வயலிலிருந்து ஏறியதும் சோப்பு போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்தி, பூஞ்சைக் களிம்பு தடவ வேண்டும். 20 ரூபாய் சோப்பு செய்யும் இந்தக் காரியத்தை மருந்துக்கடைக்காரர் சொல்லமாட்டார். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதுவேதான், இரட்டிப்புக் கவனத்துடன்.

2021இல் வந்த கருப்புப் பூஞ்சை எனக்கும் ஒட்டுமா? (நாகப்பட்டினம்)

அது ஆளுக்கு ஆள் ஒட்டாது. கட்டுக்கடங்காத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த உடலைத்தான் அது பெரும்பாலும் தேடியது. உங்கள் சர்க்கரை அளவை எழுதவில்லையே?