அமெரிக்கத் தென்மாநிலத்தில் பழைய வரலாறுள்ள ஒரு சின்ன ஊருக்குக் குடிபோகலாமா?

கேட்டவர் டாலஸில் இருக்கிறார். வீட்டிலிருந்தே வேலை, பள்ளி போகும் வயதில் ஒரு குழந்தை. தெற்கில் வரலாற்றுச் சிறப்புள்ள ஒரு சிறு ஊரில் பழைய வீடு வாங்கிக் குடியேறலாமா, நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒத்துவருமா என்பது கேள்வி.

போகலாம். நாங்களும் டாலஸ் புறநகரிலிருந்துதான் கிளம்பி மிசிசிப்பி மாநிலத்தின் நாச்செஸ் நகரத்துக்கு வந்து சில வருடங்களாக இங்கே இருக்கிறோம். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. ஆனால் "வரலாற்றுச் சிறப்பு" என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டு விலை, இணையம், பள்ளி எல்லாம் அப்புறம் வருகிறேன்.

நாச்செஸ் மிசிசிப்பி ஆற்றங்கரையில், சுமார் 200 அடி உயர மேட்டில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் லூசியானா. 1716இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். ஊரின் பெயரே அதற்கு முன்பு இங்கே வாழ்ந்த நாச்செஸ் மக்களுடையது. அவர்கள் 1729இல் எதிர்த்து எழுந்தார்கள், அதற்குப் பழிவாங்க வந்த பிரெஞ்சுப் படை அந்தச் சமூகத்தையே சிதறடித்தது. நாச்செஸ் மக்கள் எழுப்பிய மண்மேடுகள் மட்டும் இன்றும் ஊருக்குள் இருக்கின்றன. பிறகு ஆங்கிலேயர், ஸ்பானியர், 1798இல் அமெரிக்கா. அதன்பின் பருத்தி. வடக்கு, தெற்கு மாநிலங்கள் மோதிய உள்நாட்டுப் போருக்கு (1861-65) முன் அமெரிக்காவின் பெரும் பணக்காரர்கள் பலர் இந்தச் சின்ன ஊரில்தான் மாளிகை கட்டி வாழ்ந்தார்கள். 1862இல் ஊர் வடக்குப் படையிடம் சண்டையில்லாமல் சரணடைந்ததால் மாளிகைகள் தப்பின.

சுற்றுலாப் பயணிகள் பார்க்க வருவது அந்த மாளிகைகளைத்தான். பொருளாதாரப் பெருமந்தம் கழுத்தை நெரித்த 1932இல், உள்ளூர்த் தோட்டக் கழகப் பெண்கள் தங்கள் வீட்டுக் கதவுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்துவிட்டார்கள். அந்த வசந்தகால வழக்கம்தான் இந்த ஊருக்குச் சோறு போட்டது. லாங்வுட் என்ற எண்கோண மாளிகையைப் பார்த்தால் உங்களுக்கும் வாயடைத்துப்போகும். 1860இல் வேலை தொடங்கினார்கள். மறுவருடம் போர் மூண்டதும் பிலடெல்பியாவிலிருந்து வந்த கைவினைஞர்கள் வேலையை அப்படியே விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். 32 அறைகளில் கீழ்த்தளத்து 9 அறைகள்தான் முடிந்தன. மேலே ஏறினால் இன்றும் பூசாத செங்கல்லும் வெறும் மரச்சட்டமும்தான்.

அந்தச் செங்கல்லை அறுத்தவர்கள் யார், பருத்தி எடுத்தவர்கள் யார் என்று கேட்டால் ஊரின் கிழக்கு ஓரத்துக்குப் போக வேண்டும். சாலைகள் பிரியும் ஒரு முச்சந்தி. ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட் என்று பெயர். நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாகத் தெற்கின் மிகப்பெரிய அடிமைச் சந்தைகளில் ஒன்று அங்கேதான் நடந்தது. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது 1808இல் தடை செய்யப்பட்டபின், வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் மனிதர்களை வாங்கி, விலங்கு பூட்டி, நூற்றுக்கணக்கான மைல் நடக்கவைத்தும் கப்பலில் ஏற்றியும் இங்கே கொண்டுவந்து விற்றார்கள். ஃபிராங்க்ளின், ஆர்ம்ஃபீல்டு என்ற இருவரின் நிறுவனம் அதில் கொழுத்தது. 1863இல் வடக்குப் படை ஊருக்குள் வந்தபோது, அதில் சேர்ந்த கறுப்பின வீரர்கள் அடிமைகளை அடைத்துவைத்த பட்டிகளைப் பிரித்து, மரத்தைத் தங்கள் பாசறை கட்ட எடுத்துக்கொண்டார்கள். நேற்றுவரை அங்கே விற்கப்பட்டவர்கள் சிலர் அந்தப் படையில் இருந்திருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த இடம் வெகுகாலம் யாரும் நின்று பார்க்காத வெற்றுநிலமாகக் கிடந்தது. உள்ளூர்க் கறுப்பின மக்கள் சிலர் பல வருடம் விடாமல் குரல் கொடுத்தார்கள். 2021இல்தான் அது தேசியப் பூங்காத் துறையின் கைக்கு வந்தது. நீங்கள் ஊர் பார்க்க வந்தால் முதலில் அங்கே போங்கள், மாளிகைக்குப் பிறகு போங்கள். இந்த வரிசை முக்கியம் என்று உறுதியாக நம்புகிறேன். அதைப் பார்த்துவிட்டு மாளிகைக்குள் நுழைந்தால் கண் வேறு மாதிரி பார்க்கும். மெல்ரோஸ் மாளிகையில் பின்பக்கத்து அடிமைக் குடியிருப்புகளையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கேயும் நேரம் செலவழியுங்கள்.

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வில்லியம் ஜான்சன், முடிதிருத்துபவர். அடிமையாகப் பிறந்து, 1820இல் சிறுவனாக விடுதலை பெற்றவர். இந்த ஊரில் கடை வைத்து, வெள்ளைக்காரப் பெரிய மனிதர்களுக்கு முகச்சவரம் செய்து, வீடும் நிலமும் சேர்த்தார். 1835 முதல் 1851இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். யார் கடன் வாங்கினார், யார் யாரோடு அடித்துக்கொண்டார், ஆற்றில் என்ன வந்தது என்று எல்லாமே அதில் இருக்கிறது. அவரும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதும் அதே குறிப்பில் இருக்கிறது. நில எல்லைத் தகராறில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பார்த்த சாட்சிகள் கறுப்பர்கள், வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்லச் சட்டத்தில் இடமில்லை. குற்றம்சாட்டப்பட்டவர், தான் ஒரு வெள்ளையர் என்று வாதாடித் தப்பினார். ஜான்சன் கட்டிய வீடு இப்போது அருங்காட்சியகம். உங்கள் குழந்தையை நான் முதலில் அழைத்துப்போகும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 1940 ஏப்ரல் 23 இரவு ரிதம் கிளப் என்ற நடன அரங்கில் தீப்பிடித்து 209 பேர் இறந்தார்கள், கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவர். அலங்காரத்துக்குத் தொங்கவிட்ட காய்ந்த மரப்பாசி பற்றிக்கொண்டது, ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். 1965இல் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்து, சுமார் 150 பேரைப் பார்ச்மன் என்ற மாநிலச் சிறைக்கு அனுப்பினார்கள். 1967இல் டயர் ஆலையில் வேலை செய்த வார்லெஸ்ட் ஜாக்சன், அதுவரை வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த பதவி உயர்வைப் பெற்றதற்காக, வண்டியில் வைத்த குண்டால் கொல்லப்பட்டார். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் இளைஞர்களாக இருந்தவர்கள் இன்று மளிகைக்கடையில் நமக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். இரண்டு பக்கத்துக் குடும்பங்களும் இங்கேதான் இருக்கின்றன.

அந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நாம் எங்கே என்பதுதான் உங்கள் கேள்வியின் அடியில் இருப்பது என்று புரிகிறது. இந்த மாநிலத்தில் அதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ரோஸ்டேல் என்ற ஊரில் மளிகைக்கடை நடத்திய சீனக் குடும்பம் தங்கள் மகளை வெள்ளையர் பள்ளியில் சேர்க்கப் போராடியது. 1927இல் உச்சநீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. இன்று அப்படி இல்லை. எங்களைப் பெரும்பாலும் அன்பாகவே நடத்துகிறார்கள். வந்த வாரமே பக்கத்து வீட்டம்மா ஒரு பாத்திரம் நிறைய சமைத்துக் கொண்டுவந்தார். "எந்தச் சர்ச்சுக்குப் போகிறீர்கள்?" என்பது இங்கே அறிமுகக் கேள்வி, மதமாற்றக் கேள்வி அல்ல. நாங்கள் இந்துக்கள், கோயிலுக்கு மாநிலத் தலைநகர் ஜாக்சன் பக்கத்தில் பிராண்டன் போகிறோம் என்று நேராகச் சொல்லிவிடுகிறோம். சரி, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்பார்கள்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் யாராவது "அந்தத் தெருப்பக்கம் போகாதீர்கள்" என்று சொல்வார்கள். அதை அப்படியே வாங்கி நம் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பாதீர்கள். ஊரில் பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். அவர்களில் ஒருவர்கூட வீட்டுக்கு வந்து போகாத வாழ்க்கையை இங்கே வாழ்ந்தால், பாதி ஊரில்கூட நீங்கள் குடியிருக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன், பருத்தி வீட்டில் பிறந்தவன். 1840இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தெற்கிலிருந்து பத்துப் பருத்தித் தோட்டக்காரர்களை இந்தியாவுக்கு வரவழைத்தது. சிலர் சென்னை மாகாணத்துக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். பிறகு உள்நாட்டுப் போரில் இங்கிருந்து பருத்தி போவது நின்றதும் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்திக்கு அலைந்தன, நம் ஊர்ப்பக்கம் விலை எகிறியது. எங்கள் தாத்தாவின் தாத்தா கையில் புரண்ட காசுக்கும் இந்த ஆற்றங்கரைக்கும் தொடர்பு உண்டு என்று தெரிந்த பிறகு, இது யாரோ ஒருவருடைய சரித்திரம் என்று ஒதுங்கி நிற்க எனக்கு மனம் வரவில்லை.

இனி வீட்டு விஷயம். விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1960இல் 23,000 பேருக்கு மேல் இருந்த ஊரில் 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 14,500 பேர்தான். டயர் ஆலையும் காகித ஆலையும் மூடப்பட்டன, ஆட்கள் கிளம்பினார்கள். 2021இல், வெளியூரிலிருந்து வந்து வீடு வாங்கும் ரிமோட் வேலைக்காரர்களுக்குச் சுமார் 6,000 டாலர் வரை தரும் 'ஷிஃப்ட் சவுத்' திட்டத்தை ஊர் அறிவித்தது. இப்போதைய விதிகளை நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பணத்துக்காக மட்டும் வீடு வாங்காதீர்கள், பழைய வீட்டுக் கூரை ஒரே மாதத்தில் அதைத் தின்றுவிடும்.

பழைய மரவீட்டுக்கு முதல் எதிரி கரையான். வாங்கும் முன் கரையான் பரிசோதனை கட்டாயம், முன்பு யார் மருந்தடித்தார்கள், அந்த ஒப்பந்தம் உங்கள் பெயருக்கு மாறுமா என்று பாருங்கள். 1978க்கு முந்தைய வீட்டில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கும் வாய்ப்பு உண்டு, குழந்தை இருப்பதால் இதை விடவே கூடாது. பழைய ஒயரிங் இருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தயங்கும், ஆகவே விலை பேசும் முன் இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள். வரலாற்றுப் பகுதிக்குள் வீடு இருந்தால், வெளித்தோற்றத்தில் கைவைக்க வரலாற்றுக் கட்டடப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். ஜன்னலை மாற்றக்கூடக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். எனக்கு அதில் வருத்தமில்லை, அந்த விதி இருப்பதால்தான் தெரு தெருவாக இருக்கிறது. அப்புறம் மண். இந்த மேடு காற்று கொண்டுவந்து குவித்த வண்டல், மழையில் அரிக்கும். ஆற்றைப் பார்த்த வீடு என்று மயங்காமல் ஒரு பொறியாளரைக் கூட்டிவந்து நிலத்தைப் பாருங்கள்.

இணையம் அதே தெருவில் ஒரு வீட்டுக்கு நன்றாகவும் அடுத்த வீட்டுக்கு மோசமாகவும் இருக்கலாம். கதவிலக்கத்தைச் சொல்லி விசாரியுங்கள். இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை எதுவும் ஊரைத் தொடுவதில்லை. விமானத்துக்கும் சிறப்பு மருத்துவருக்கும் 90 மைல் தள்ளி லூசியானாவின் பேட்டன் ரூஜ், அல்லது 100 மைல் தள்ளி ஜாக்சன். வீட்டில் வயதான பெற்றோரோ தொடர் சிகிச்சை தேவைப்படுபவரோ இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் வேண்டாம் என்பேன்.

பள்ளி பற்றி: 1969இல் உச்சநீதிமன்றம் வெள்ளையர், கறுப்பர் எனப் பிரிந்திருந்த மிசிசிப்பிப் பள்ளிகளை உடனே ஒன்றுசேர்க்கச் சொன்னபோது, மாநிலம் முழுக்கத் தனியார் பள்ளிகள் முளைத்தன, வெள்ளைக்காரப் பிள்ளைகள் பெருவாரியாக அங்கே போனார்கள். அந்தப் பிரிவு பல ஊர்களில் இன்னும் மறையவில்லை. நம்மவர்கள் பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் இணையதளத்தைப் பார்த்து அரை நிமிடத்தில் முடிவெடுக்கிறார்கள். இரண்டு வகைப் பள்ளிக்கும் போய் வகுப்பறையில் உட்கார்ந்து, ஆசிரியர்களிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். வெண்டைக்காயும் தட்டைப்பயறும் இங்கே ஊர்ச் சாப்பாடு, வெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களோடு வந்தது. புத்தாண்டன்று தட்டைப்பயறு சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். இட்லி அரிசிக்கும் பருப்புக்கும் பேட்டன் ரூஜ் போய் மொத்தமாக வாங்கி வருகிறோம். கறிவேப்பிலைச் செடி தொட்டியில் நன்றாக வரும், குளிர்காலத்தில் உறைபனி விழும் இரவுகளில் மட்டும் உள்ளே எடுத்து வையுங்கள்.

கடைசியாக, ஊர் பார்க்க மார்ச்சில் வராதீர்கள். அப்போது அசேலியா பூத்து, மாளிகைகள் எல்லாம் திறந்து, எவருக்கும் ஆசை வரும். ஆகஸ்டில் வாருங்கள். வியர்வை காயாத புழுக்கமும் கொசுவும் மாலையில் வெறிச்சோடிய கடைவீதியும் அப்போதுதான் தெரியும். அது பிடித்திருந்தால் ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள். வீடு வாங்குவதை அதன்பிறகு பார்க்கலாம், நல்ல பழைய வீடுகள் இங்கே எப்போதும் விற்பனைக்கு இருக்கின்றன.