குந்துவதற்கு ஓர் இடம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவின் தெருவில் ஃபேஷன் நடை நடந்த சித்தாயம் ஊர்ப் பிள்ளைகளைப் பாராட்டி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். படிக்கிற வயதில் நடுரோட்டில் ஆடை காட்டி டிக்டாக்கில் போடுவதில் பாராட்ட என்ன இருக்கிறது? இந்தோனேசிய இளைஞர்கள் வெட்டிப்பொழுது போக்கியே வீணாகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். சித்தாயம், போஜோங்கெடே, டெப்போக் எல்லாம் ஜகார்த்தாவுக்குத் தெற்கே மின்ரயில் போகும் ஊர்கள். முதல் 25 கிலோமீட்டருக்கு டிக்கெட் 3,000 ரூபியா. நம் காசில் இருபது ரூபாய்கூட வராது. ஜகார்த்தாவின் நடுவே டுக்கூ அத்தாஸ் பக்கம் இறங்கினால், 2019இல் மெட்ரோ வந்தபின் சீரமைத்த அகலமான நடைபாதை. உட்காரக் காசு கேட்காத இடம்.

2022 ஜூலையில் அங்கே நடந்தது இவ்வளவுதான். சிக்னலில் சிவப்பு விழும். தொளதொள கோட்டு, மலிவுச் சந்தை ஷூ சகிதம் ஒரு பையன் வரிக்குதிரைக் கோடுகளில் நடப்பான். பச்சை விழுவதற்குள் எதிர்ப்பக்கம் சேர்ந்துவிட வேண்டும். அந்த நடையில் இருந்த நிமிர்வைத்தான் நான் பாராட்டினேன். ஓரத்தில் சைக்கிளில் காபிப் பொட்டலச் சரமும் வெந்நீர் ஃபிளாஸ்க்குமாக ஒருவர் நிற்பார். 'ஸ்டார்லிங்' என்பார்கள் அவரை. 'ஸ்டார்பக்ஸ் கெலிலிங்', அதாவது ஊர்சுற்றும் ஸ்டார்பக்ஸ். எஸ்.சி.பி.டி. (சுடிர்மான் சென்ட்ரல் பிசினஸ் டிஸ்ட்ரிக்ட்) என்பது அருகிலுள்ள பணக்கார வணிக வட்டாரத்தின் பெயர். அதற்கே சுடிர்மான், சித்தாயம், போஜோங்கெடே, டெப்போக் என்று புது விரிவு வந்துவிட்டது.

நீங்கள் வெட்டிப்பொழுது என்பதை அவர்கள் 'நொங்க்ரோங்' என்கிறார்கள். குந்தியிருப்பது என்று பொருள். யோக்யகர்த்தா நகரில் 'அங்க்ரிங்கான்' என்ற தள்ளுவண்டிக் கடையில் 'நாசி குச்சிங்' கிடைக்கும். பூனைச் சோறு, அவ்வளவு சின்னப் பொட்டலம். அதையும் ஒரு தேநீரையும் வைத்துக்கொண்டு நள்ளிரவுவரை பேசலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். வேலை தேடுவதும் சண்டை தீர்ப்பதும் பாட்டுக் கட்டுவதும் அங்கேதான்.

பள்ளியை விட்ட பிள்ளைகளும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்தக் கவலை எனக்கும் உண்டு; ஆனால் அவர்களைப் பள்ளியிலிருந்து வெளியேற்றியது அந்த நடைபாதை இல்லை. எனக்குக் கோபம் வந்தது வேறிடத்தில். பிள்ளைகளின் இந்த நடைக்கு விழுந்த 'சித்தாயம் ஃபேஷன் வீக்' என்ற பெயரை ஒரு திரைப் பிரபலத்தின் நிறுவனம் வணிக முத்திரையாகப் பதிய விண்ணப்பித்தது. எதிர்ப்பு கிளம்பியபின்தான் திரும்பப் பெற்றது.

கடைசி ரயிலைத் தவறவிட்ட சிலர் அந்த நடைபாதையிலேயே படுத்துத் தூங்கினார்கள். அதற்கும் ஏச்சு விழுந்தது. சித்தாயத்திலேயே அப்படி ஓர் இடம் இருந்திருந்தால் அவர்கள் ஏன் ரயிலேறப் போகிறார்கள், எஸ்.?