ஆற அமர அலையில் போக எந்த போர்டு?

கேள்வி: ஒரு வருடத்துக்கு மேலாக சர்ஃபிங் செய்கிறேன். 8 அடி ஃபோம் போர்டில் கற்றுக்கொண்டு, பிறகு 6 அடி 2 அங்குல த்ரஸ்டருக்கு, அதாவது அடியில் மூன்று ஃபின்கள் (துடுப்புகள்) உள்ள குட்டை போர்டுக்கு மாறினேன். அதில் அலை பிடிப்பதே பெரும்பாடாக இருக்கிறது. பிடித்தாலும் உடம்பை உலுக்கிக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிறது. பழைய வீடியோக்களில் வருவது போல நிமிர்ந்து நின்று, நிதானமாக, அழகாக ஒரு கோடு இழுத்தாற்போல் போக எனக்கு ஆசை. எடை 74 கிலோ. நான் போகும் இடத்தில் அலைகள் பெரும்பாலும் இடுப்பிலிருந்து நெஞ்சு உயரம் வரை வரும். ஒருவர் நீளமான லாங்போர்டு என்கிறார், ஒருவர் நடுத்தர நீள மிட்லெங்த் என்கிறார், இன்னொருவர் குட்டையான ஃபிஷ் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: லாங்போர்டு வாங்குங்கள். 9 அடி 4 அங்குலத்திலிருந்து 9 அடி 6 அங்குலத்துக்குள், ஒற்றை ஃபின் உள்ளதாக, தூக்கினால் கொஞ்சம் கனம் தெரிவதாக இருக்கட்டும். அலை நீளமாக ஓடாமல் செங்குத்தாக எழுந்து ஒரேயடியாகக் கவிழும் கடற்கரை என்றால் மட்டும் 7 அடி 6 அங்குலத்தை ஒட்டிய மிட்லெங்த். ஃபிஷ் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால், கையில் வேறு எதையாவது திணிக்கப் பார்க்கிறவர்களிடமிருந்து தப்பிக்கலாம்.

நீங்கள் பார்த்த அந்தப் பழைய வீடியோக்களை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுக் கவனித்துப் பாருங்கள். அதில் வருகிறவர்கள் பெரிதாக எதுவும் செய்வதில்லை. சீக்கிரமே எழுந்து நிற்கிறார்கள், ஒருமுறை திருப்புகிறார்கள், அப்புறம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். போர்டு தானாகப் போகிறது. ஆகவே எந்த போர்டைப் பார்த்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: நான் சும்மா நின்றால் இது ஓடுமா, நின்றுவிடுமா? நீளம், அகலம், வளைவு, ஃபின் எல்லாமே இந்தக் கேள்விக்குள் வந்துவிடும்.

உங்கள் த்ரஸ்டர் நின்றுவிடும் ரகம். மூன்று ஃபின் போர்டை ஆஸ்திரேலியாவின் சைமன் ஆண்டர்சன் 1981-ல் போட்டிகளுக்குக் கொண்டுவந்து, அதே ஆண்டு பெல்ஸ் பீச்சிலும் ஹவாயின் பைப்லைனிலும் ஜெயித்துக் காட்டினார். அதற்குப் பிறகு போட்டி உலகம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அது அருமையான கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அதன் பக்கவாட்டு ஃபின்கள் இரண்டும் மூக்கை நோக்கி லேசாக உட்பக்கம் திரும்பியிருக்கும். போர்டு சாயும்போது அவை தண்ணீரைக் கடித்து முன்னால் தள்ளும். நேராகப் போகும்போது இழுத்துப் பிடிக்கும். போதாததற்கு அடிப்பக்கம் நன்றாக வளைந்திருப்பதால் மெதுவான அலையில் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிறது. அதை இடமும் வலமும் சாய்த்துக்கொண்டே இருந்தால்தான் வேகம் கிடைக்கும். நீங்கள் உலுக்குவது உங்கள் குறையால் இல்லை. அந்த போர்டு அப்படித்தான் கேட்கும்.

நீளமான போர்டின் முதல் லாபம் நிற்பதற்கு முன்பே கிடைத்துவிடும். அலை இன்னும் வெறும் மேடாக இருக்கும்போதே, உடைவதற்கு வெகு முன்னால், அது நழுவத் தொடங்கிவிடும். எழுந்து நிற்க, கால் வைக்க, எந்தப் பக்கம் போவது என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. குட்டை போர்டில் அலை செங்குத்தான பிறகுதான் ஏற முடிகிறது. எழுவதும் திரும்புவதும் ஒரே நொடியில் நடந்தாக வேண்டும். பதற்றத்தில் எழுந்தவரின் தோள், கை, இடுப்பு எல்லாம் கடைசிவரை பதற்றத்திலேயே இருக்கும். ஸ்டைல் என்று நாம் சொல்வதில் பாதி, இப்படிச் சீக்கிரம் ஏறுவதால் கிடைக்கும் அவகாசம்தான் என்பது என் கருத்து.

இரண்டாவது லாபம் எடை. எடை குறைந்த போர்டுதான் நல்ல போர்டு என்ற எண்ணம் போட்டிகளிலிருந்து வந்தது. கனமான பழைய இரும்பு சைக்கிள் மிதிப்பதை நிறுத்திய பிறகும் உருண்டுகொண்டே போகுமே, அதுபோல கனமான லாங்போர்டு அலை தளரும் இடத்திலும் வேகத்தை விடாமல் கடந்து, அடுத்த செங்குத்தான பகுதியைப் பிடித்துவிடும். காற்றடித்துத் தண்ணீர் சொரசொரப்பாக இருக்கும் நாளில் லேசான போர்டு தடதடவென்று குதிக்கும். கனமானது அமுக்கிக்கொண்டு போகும். பாலியூரித்தேன் ஃபோமின் மேல் தடிமனான கண்ணாடியிழைத் துணி போட்டவை இப்படிக் கனமாக இருக்கும். பாலிஸ்டைரின் ஃபோமும் எபாக்ஸி பிசினும் சேர்த்துச் செய்தவை அதே நீளத்தில் பெரும்பாலும் லேசாக, தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும். கரையிலிருந்து தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடக்க வேண்டியவர்களுக்கு எபாக்ஸி நிம்மதி. ஆனால் நீங்கள் கேட்ட அந்த வழுக்கலுக்கு நான் முன்னதைத்தான் சொல்வேன்.

லாங்போர்டிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. கடையில் இதைப் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். ஒன்று, நீளமாக இருந்தாலும் மனதில் குட்டை போர்டாக இருப்பது: மெல்லிய ஓரம், கூரான வால், மூன்று ஃபின்கள் அல்லது நடுவில் ஒன்றும் பக்கங்களில் குட்டியாக இரண்டும். இது வெட்டித் திருப்பத்தான். இன்னொன்று பழைய பாணி. ஓரங்கள் மேலும் கீழும் சமமாக உருண்டு மென்மையாக இருக்கும், நடுப்பகுதி கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும், அடியில் ஒரே ஒரு பெரிய ஃபின். உங்களுக்கு இதுதான்.

இதற்குள்ளும் ஒரு கிளை பிரிகிறது. போர்டின் மூக்கில் போய் நிற்பதற்கென்றே செய்யப்படுகிற நோஸ்ரைடரில் அகலமான மூக்கின் அடியில் ஒரு குழிவு இருக்கும். அது முன்னால் நிற்பவரைத் தூக்கிக் கொடுக்கும். வால் அகலமாக, மேல்நோக்கி வளைந்திருக்கும். அலையின் தண்ணீர் உருண்ட ஓரத்தைத் தழுவி வாலின் மேல் ஏறி அதை அமுக்கிப் பிடித்துக்கொள்வதால், ஆள் மூக்கில் நின்றாலும் போர்டு கவிழ்வதில்லை. பார்ப்பதற்கு மாயாஜாலம் போல இருக்கும். ஆனால் திருப்ப வேண்டுமென்றால் வால் வரை நடந்து வர வேண்டும், நடக்காதவருக்கு அது வெறும் கதவு. நடக்கக் கற்றுக்கொள்ளும் பொறுமை உண்டா என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு காலைத் தாண்டி இன்னொரு காலை வைத்து நடக்க வேண்டும். பாதத்தை இழுத்து இழுத்து நகர்ந்தால் பார்க்கவும் நன்றாக இராது, நிலையும் தவறும்.

எனக்குப் பிடித்தது அதற்கு எதிர்த் திசையில் இருப்பது. 1955-ல் கலிபோர்னியாவின் டேல் வெல்ஸி, போர்டின் அகலமான இடத்தை நடுவிலிருந்து பின்னால் தள்ளி, மூக்கை ஒடுக்கி ஒரு வடிவம் செய்தார். பிக் (பன்றி) என்று பெயர். இடுப்பு பருத்து, பின்காலில் கொஞ்சம் எடை கொடுத்தாலே திரும்பிவிடும். திரும்பியதும் இரண்டு அடி முன்னால் வந்து நின்றால் போதும், ஓடும். அந்த வழியில் வந்த போர்டுகளை இன்றும் செய்கிறார்கள். த்ரஸ்டரிலிருந்து வருகிறவருக்குப் பின்காலால் திருப்பும் பழக்கம் ஏற்கெனவே இருப்பதால் இது சீக்கிரம் கைவரும். மூக்கில் நிற்பதும் இதில் முடியாததில்லை, கொஞ்ச நேரம்தான் நிற்க முடியும், அவ்வளவுதான்.

அளவாகச் சொன்னால், உங்கள் எடைக்கு 9 அடி 4 அங்குல நீளம், 22¾ முதல் 23 அங்குல அகலம், 2⅞ முதல் 3 அங்குலத் தடிமன். போர்டின் கன அளவைச் சொல்லும் லிட்டர் கணக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடையில் முதலில் அதைத்தான் சொல்வார்கள். குட்டை போர்டில் லிட்டர் முக்கியம், ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் தெரியும். லாங்போர்டில் எப்படியும் உங்களை மிதக்கவைக்கும் அளவுக்கு மேல் ஃபோம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. நடுவில் தடித்து முனைகளில் மெலிந்தால் நன்றாக ஓடும். எல்லா இடத்திலும் ஒரே தடிமன் என்றால் கட்டைதான்.

வளைவைப் பார்க்க எளிய வழி, போர்டை இரண்டு ஸ்டாண்டுகளில் கவிழ்த்து வைத்து வால் பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது. நடுவில் நீளமான தட்டைப் பகுதி தெரிய வேண்டும். மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறதோ, அந்த அளவுக்குச் செங்குத்தான அலையில் குத்தாமல் இறங்கும்; அதே அளவுக்கு மெதுவான அலையில் இழுவையும் கூடும். இடுப்பு உயர அலைக்குக் குறைவான தூக்கலே போதும்.

அலையின் குணத்தையும் பார்க்க வேண்டும். கலிபோர்னியாவின் மாலிபு, ஹவாயின் வைகிகி, ஆஸ்திரேலியாவின் நூசா போன்ற இடங்களில் இந்தப் பாணி செழித்ததற்குக் காரணம், அங்கே நல்ல நாளில் அலை ஓரத்திலிருந்து சீராக உரிந்துகொண்டே நெடுந்தூரம் போகும். நின்று ரசிக்க இடமிருக்கிறது. உங்கள் கடற்கரையில் அலை ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் கவிழ்ந்தால் லாங்போர்டை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டத்தான் வேண்டியிருக்கும். அதன் மூக்கை அமுக்கி அலைக்கு அடியில் முங்கிப் போக முடியாது; போர்டோடு சேர்ந்து புரண்டு, அதைத் தலைக்கு மேல் இறுகப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். பெரிய நுரையில் அது கையைவிட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். பின்னால் வருகிறவர்கள் பாவம்.

அங்கேதான் மிட்லெங்த் வருகிறது. 7 அடி 6 அங்குலம், 21½ அங்குல அகலம், 2¾ அங்குலத் தடிமன், உருண்டையான வால். ஓரங்கள் முன்னால் மென்மையாகவும் கடைசி ஒன்றரை அடியில் கீழே சற்றுக் கூர்மையாகவும் இருந்தால் செங்குத்தான சரிவில் பிடி நழுவாது. நடந்து மூக்குக்குப் போகும் வேலை இதில் இல்லை. கால்களை இருந்த இடத்தில் வைத்து, உடம்பைச் சாய்த்து நீளமான வளைவுகள் போடலாம். நெஞ்சு உயர அலையில் அதுவும் அழகுதான், சிலர் கண்ணுக்கு லாங்போர்டைவிட அழகு. ஒற்றை ஃபின் மட்டும் பொருத்துவதாகவோ, நடுவில் ஒன்றும் பக்கங்களில் சின்னதாக இரண்டும் பொருத்துவதாகவோ துளைகள் உள்ள போர்டை வாங்கினால் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். அடிப்பக்கம் படகு போலக் குவிந்த ஹல் வகையை யாராவது சிபாரிசு செய்தால் இப்போது தவிர்த்துவிடுங்கள். நல்ல அலையில் அது தேன். சுமாரான அலையில் ஒவ்வொரு சின்னத் தவறுக்கும் கோபித்துக்கொள்ளும்.

ஃபிஷ் பற்றி ஒரு வார்த்தை. 1960களின் பிற்பகுதியில் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் முழங்காலிட்டுச் சவாரி செய்வதற்காக அதை உருவாக்கினார். குட்டையாக, தட்டையாக, பிளந்த வாலோடு, இரண்டு அகலமான ஃபின்களோடு இருக்கும். சும்மா நின்றாலும் ஓடும். என் கேள்வியில் அது தேர்ச்சி பெறுகிறது. ஆனால் ஐந்தரை, ஆறு அடி நீளத்தில் அலையைப் பிடிப்பது உங்கள் இப்போதைய சிரமத்தைத் தீர்க்காது. கட்டுக்கடங்காத வேகத்தில் நிதானமாக நிற்பது பிறகு வரும் வித்தை. அது இரண்டாவது போர்டாக வரட்டும்.

போர்டுக்குச் செலவழிக்கிறவர்கள் ஃபின்னில் சிக்கனம் பிடிப்பது எனக்கு விளங்காத விஷயம். ஒற்றை ஃபின் போர்டில் ஃபின்தான் பாதி போர்டு. போர்டு எத்தனை அடியோ, ஃபின் ஏறக்குறைய அத்தனை அங்குலம் என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு 9½ அங்குலம் சரியாக வரும். நிமிர்ந்து நுனிவரை அகலமாக இருக்கும் ஃபின் வாலைப் பிடித்து வைக்கும், இருந்த இடத்திலேயே சுழற்றித் திருப்ப உதவும். நோஸ்ரைடருக்கு அதுதான் பொருத்தம். பின்னால் சாய்ந்து நுனி மெலிந்தது நீண்ட வளைவுகளுக்கு. 1966-ல் சான் டியேகோ உலகப் போட்டியில் ஆஸ்திரேலிய வீரர் நாட் யங் ஜெயித்த 9 அடி 4 அங்குல போர்டில், ஜார்ஜ் கிரீனோ வடிவமைத்த அப்படியொரு ஒல்லியான, வளைந்து கொடுக்கும் ஃபின்தான் இருந்தது. ஃபின்னைச் செருகும் ஃபின் பெட்டியில் அதை முன்னும் பின்னும் நகர்த்த இடமிருக்கும். முதலில் நடுவில் வையுங்கள். திரும்ப மறுத்தால் அரை அங்குலம் முன்னால், வால் நழுவினால் அரை அங்குலம் பின்னால். ஒரே நாளில் நீளம், இடம் இரண்டையும் மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று தெரியாமல் போய்விடும்.

பழைய போர்டு வாங்கத் தயங்காதீர்கள். இந்தப் பாணிக்கு அதுவே அழகு. மஞ்சள் பூத்திருப்பது பிரச்சினை இல்லை. கட்டைவிரலால் மேற்பரப்பை, முக்கியமாக நெஞ்சும் காலும் படும் இடங்களில், அழுத்திக்கொண்டே வாருங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் கண்ணாடியிழை ஃபோமிலிருந்து பிரிந்துவிட்டது என்று பொருள், விட்டுவிடுங்கள். குறுக்கே ஓடும் மடிப்புக் கோடு இருந்தால் அது பாதி உடைந்த போர்டு. ஃபின் பெட்டியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஒட்டுப் போட்ட இடங்களிலிருந்து தண்ணீர் கசிகிறதா, அளவுக்கு மீறிக் கனக்கிறதா என்பதையும் கவனியுங்கள். கனமான போர்டு வேண்டும் என்று நான் சொன்னது தண்ணீர் குடித்த போர்டை இல்லை.

வாங்கியதும் முதல் சில நாட்கள் திருப்புவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நிற்கும் இடத்தை மட்டும் தேடுங்கள். முன்னால் ஒரு அடி நகர்ந்தால் வேகம் கூடும், பின்னால் வந்தால் தணியும், இன்னும் பின்னால் வந்தால் திரும்பும். காலையும் போர்டையும் இணைக்கும் லீஷ் கயிறு குறைந்தது போர்டின் நீளம் இருக்கட்டும். கணுக்காலில் கட்டாமல் முழங்காலுக்குக் கீழே கட்டும் வகையை வாங்கினால் நடக்கும்போது கயிறு காலில் சிக்காது. இன்னொன்று, லாங்போர்டில் எல்லாரையும்விட வெளியே உட்கார்ந்து எல்லா அலையையும் நீங்களே எடுத்துக்கொள்ள முடியும். எடுக்காதீர்கள், இரண்டில் ஒன்றை விடுங்கள்.