மருத்துவர் பதில்கள்: வைரஸ் காய்ச்சலும் சத்து மாத்திரைகளும்

கேள்வி: எழுபது வயதான என் மாமனார் சர்க்கரை நோயாளி. நான்கு நாள்களாக அவருக்குக் காய்ச்சலும் இருமலும் இருக்கின்றன. வைரஸ் காய்ச்சல் என்று கூறி மருத்துவர் பாராசிட்டமால் மட்டுமே எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில் கேட்டு வைட்டமின் சி, ஜிங்க், வைட்டமின் டி ஆகியவற்றையும் கொடுத்து வருகிறோம். ஆக்சிமீட்டரில் மணிக்கொரு முறை பார்க்கிறோம். நேற்றிரவு 86 என்று காட்டியதும் பதறிவிட்டோம். சற்று நேரத்தில் 98 என்றது. எதை நம்புவது? மாத்திரைகளைக் கூட்டலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அந்த 86-லிருந்தே தொடங்குகிறேன். விரலில் மாட்டிய கருவியை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் 98 என்ற எண் தலைகீழாகி 86 என்றே தெரியும். உண்மையான 86-ஐ யாரேனும் 98 என்று படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்களோ என்பதுதான் என் பெரிய அச்சம். ஆகவே, திரையிலுள்ள எழுத்துகள் நேராகத் தெரியும் பக்கத்திலிருந்து மட்டும் படியுங்கள். இன்னோர் எண் நாடித் துடிப்பைக் காட்டுவது. அதை ஆக்சிஜன் அளவு என்று எண்ணிவிடாதீர்கள்.

மணிக்கொரு முறை பார்க்க வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை போதும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத, குளிர்ந்திராத விரலில் மாட்டி, எண் ஆடாமல் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்திருந்து, நேரத்துடன் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 94-க்குக் கீழே வந்தால், மறுமுறை பார்த்து உறுதி செய்துகொண்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கருத்த தோலில் இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. நம்மில் பலருக்கும் இது பொருந்தும் என்பதால், எண்ணை மட்டும் நம்பியிராமல் மூச்சையும் எண்ணுங்கள். அவரிடம் சொல்லாமல், வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கவனித்தாலே போதும். அது 24-ஐத் தொட்டால், ஆக்சிமீட்டர் என்ன காட்டினாலும் காத்திருக்க வேண்டாம்.

இனி மாத்திரைகள். சளி பிடித்தபின் தொடங்கும் வைட்டமின் சி நோயின் நாள்களைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வீட்டிலிருந்த கொரோனா நோயாளிகளுக்குப் பத்து நாள் நாளொன்றுக்கு 8,000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 50 மில்லிகிராம் ஜிங்கும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தும் பயன் தெரியவில்லை. வெறும் வயிற்றில் ஜிங்க் குமட்டலை உண்டாக்கும். பசியற்றிருக்கும் பெரியவர் குடிக்கவிருந்த அரை டம்ளர் கஞ்சியும் அதனால் வீணாகிவிடும். வைட்டமின் டி-யில் 60,000 யூனிட் வகை வாரத்துக்கு ஒன்று என்று கொடுக்கப்படுவது. தவறுதலாகத் தினமும் கொடுத்து வந்தால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு முக்கியமான இன்னொன்றும் உண்டு. வைட்டமின் சி மிகுந்த அளவில் உடலில் சேரும்போது, சில குளுக்கோமீட்டர்களும் தோலில் ஒட்டும் சென்சார்களும் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் தாழ்சர்க்கரையில் போய் முடியலாம். ஆகவே ஜிங்க், வைட்டமின் சி இரண்டையும் நிறுத்திவிடுங்கள். குறைபாடு இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தாலன்றி வைட்டமின் டி-யும் வேண்டாம். காய்ச்சலில் சர்க்கரை ஏறும் என்பதால் அதைக் காலையும் மாலையும் பாருங்கள். அவர் சரியாகச் சாப்பிடாத நாளில் சர்க்கரை மாத்திரையை எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவரிடமே கேளுங்கள்.

பழைய சீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் எடுத்துவிடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளின் உயிரைக் காத்த டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் தரவில்லை என்பதை 2020-லேயே பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. சர்க்கரையையும் அது தாறுமாறாக ஏற்றிவிடும்.

எழுபது வயது, சர்க்கரை நோய், நான்கு நாள் காய்ச்சல் என்பதால், எண்கள் நன்றாக இருந்தாலும் நாளையே அந்த நோட்டுடன் மருத்துவரை மீண்டும் பாருங்கள். பேச்சில் குழப்பம், ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, உதட்டில் நீலம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் நாளைவரை பொறுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.