லித்தியம் இன்வெர்ட்டர் பேட்டரி: கேள்வி - பதில்

கே: வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.எச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி (தண்ணீர் ஊற்றும் ஈய-அமில வகை) போய்விட்டது. புது டியூபுலர் 15,000 ரூபாய், 100 ஏ.எச். லித்தியம் 30,000 ரூபாய் என்கிறார் கடைக்காரர். இரட்டிப்பு விலை கொடுக்கலாமா?

ப: ஏ.எச். எண்ணை மட்டும் ஒப்பிடாதீர்கள். 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலரில் இருப்பது 1,800 வாட்-ஹவர். பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆகவே 900தான் கணக்கு. எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை லித்தியத்தில் 12.8 வோல்ட், 100 ஏ.எச்., அதாவது 1,280 வாட்-ஹவர். அதில் 80 சதவீதம் எடுத்தாலே ஒரு யூனிட் (1,000 வாட்-ஹவர்) கிடைக்கும். இரண்டு ஃபேன், நாலு எல்.இ.டி. விளக்கு, வைஃபை எல்லாம் சேர்ந்து 200 வாட் என்றால், இன்வெர்ட்டர் இழப்பு போக நாலு மணி நேரம் ஓடும்.

‘3,000 சைக்கிள்’ என்ற விளம்பரம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. ஒருமுறை சார்ஜ் ஏற்றி இறக்குவதுதான் ஒரு சைக்கிள். சோலார் வைத்து தினமும் ராத்திரி பேட்டரியில் ஓட்டுபவருக்கு அது லாபம்தான்: 3,000 யூனிட்டுக்கு 30,000 ரூபாய், யூனிட் 10 ரூபாய். டியூபுலர் 1,200 சைக்கிள் ஓடினாலும் 1,080 யூனிட்தான், யூனிட் 14 ரூபாய்க்குப் பக்கம். ஆனால் வாரம் ஒரு தடவை கரண்ட் போகிற வீட்டில் பத்து வருஷத்துக்கே 520 தடவைதான். அங்கே பேட்டரி வயதாகித்தான் போகும். டியூபுலருக்கு நாலைந்து வருஷம், நல்ல லித்தியத்துக்குப் பத்து வருஷம் என்று வைத்தால் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பழைய டியூபுலரைக் கடையில் கொடுத்தால் ஈயத்துக்குக் காசும் வரும். அப்படிப்பட்ட வீட்டுக்கு டியூபுலரே போதும் என்பேன்.

கே: பழைய இன்வெர்ட்டரிலேயே லித்தியத்தை மாட்டலாமா?

ப: லித்தியம் மோடு இருந்தால் மட்டும். சார்ஜ் 14.2 முதல் 14.4 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும், ஃப்ளோட் (நிறைந்த பிறகு தாங்கிப் பிடிக்கும் வோல்டேஜ்) 13.5 அளவில். டியூபுலர் செட்டிங் அதற்கு மேல் ஏற்றிவிடலாம். ஏதாவது ஒரு செல் 3.65 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்) சார்ஜைத் துண்டித்துவிடும். பேட்டரி முழுக்க இறங்கினாலும் பி.எம்.எஸ். கட் ஆகும். அப்போது டெர்மினலில் வோல்டேஜே தெரியாது. பேட்டரி இல்லை என்று எடுத்துக்கொண்டு பல பழைய இன்வெர்ட்டர்கள் சார்ஜ் ஏற்றாது. இப்படி நல்ல பேட்டரியைச் செத்ததாகத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. லித்தியம் சார்ஜரை வைத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். டியூபுலரோடு பேரலலாக (பிளஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) மட்டும் இணைக்காதீர்கள்.

கே: பராமரிப்பே வேண்டாமாமே?

ப: தண்ணீர் ஊற்ற வேண்டாம், அவ்வளவுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் வைக்காதீர்கள். 45 டிகிரியைத் தாண்டும் சூடு ஆயுளைத் தின்னும். மாதம் ஒருமுறை முழு சார்ஜில் சில மணி நேரம் விடுங்கள். செல்கள் சமமாவது அந்த உச்சியில்தான். டெர்மினல் நட்டு தளர்ந்தால் அங்கே சூடேறும், ஆறு மாதத்துக்கொரு தடவை இறுக்குங்கள். மாதக்கணக்கில் வெளியூர் போவதானால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள். பெட்டி வீங்கினால் திறக்காமல் இணைப்பை எடுத்துவிட்டு டீலரைக் கூப்பிடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்பச் சேகரிப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு.